எந்த இசைத்தட்டுக்கு எந்த ஊசி? கார்ட்ரிட்ஜும் மாற்று ஊசியும் வாங்கும் புதியவர்களுக்கு

கும்பகோணம், மாயவரம், திருவாரூர், மன்னார்குடி வட்டாரங்களில் பரணிலிருந்து இறங்கும் இசைத்தட்டுப் பெட்டிகளில் ஒரே வகைத் தட்டுகள் மட்டும் இருப்பது அபூர்வம். அடியில் கனமான 78 வேகத் தட்டுகள் (வேகம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு), நடுவே சிறிய 45 வேகத் தட்டுகள், மேலே அட்டை உறையிட்ட, நீண்ட நேரம் ஓடும் எல்.பி.கள் என்று மூன்று தலைமுறையின் கேட்கும் பழக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இப்படி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, தட்டைச் சுழற்றி ஓட்டும் டர்ன்டேபிள் வாங்க முனைபவர் முதலில் கேட்பது, ஊசியைத் தாங்கும் பாகமான கார்ட்ரிட்ஜில் எது நல்லது என்பதுதான். கார்ட்ரிட்ஜ் விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன்னால் அந்தப் பெட்டியைப் புரட்டிவிடுவது நல்லது. எந்தத் தட்டு ஓடப்போகிறது, அதை எந்தக் கருவி ஓட்டப்போகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், வாங்க வேண்டிய ஊசி பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முதல் படி: தட்டுகளைப் பிரித்தல்

கையில் எடுத்ததும் கனமாகவும், விளிம்பு தடித்தும், தட்டினால் கலகலவென்றும் ஒலிப்பவை அரக்கைச் சேர்த்துச் செய்யப்பட்ட 78 வேகத் தட்டுகள். கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்கும். 1956-இல் மறைந்த நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை, தம் புகழ்பெற்ற தோடி ராகத்தை வாசித்துப் பதிவு செய்தது இந்த வகைத் தட்டுகளில்தான். நம் நாட்டில் எல்.பி. வந்த பிறகும் 78 உடனே மறைந்துவிடவில்லை. 1960களிலும் அவை வெளிவந்துகொண்டிருந்தன. ஆகவே பாட்டு ஓரளவு புதியது என்பதை மட்டும் வைத்துத் தட்டின் வகையை முடிவு செய்யாமல், நடுவில் உள்ள லேபிளில் வேகம் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

வளைந்து கொடுக்கும், எடை குறைந்த தட்டுகள் வினைல். 12 அங்குல எல்.பி. 33⅓ வேகத்திலும், 7 அங்குல ஈ.பி. பெரும்பாலும் 45 வேகத்திலும் ஓடும். இவற்றுள் ஒற்றை ஒலியுள்ள மோனோ எது, இடம் வலம் என்று இரட்டை ஒலியுள்ள ஸ்டீரியோ எது என்பது அடுத்த பிரிவினை. எச்.எம்.வி. எல்.பி.களில் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளே இதைச் சொல்லிவிடும். இ.ஏ.எல்.பி., இ.சி.எல்.பி. என்று தொடங்குபவை மோனோ, இ.ஏ.எஸ்.டி., இ.சி.எஸ்.டி. என்று தொடங்குபவை ஸ்டீரியோ. 1963-இல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம், நாகூர் ஹனீபாவின் ஈ.பி.கள், சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல்கள், 1980களின் இளையராஜா படத் தட்டுகள் என்று டெல்டா வீடுகளில் கிடைக்கும் வினைல் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பிரிவினை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 78 தட்டின் வரிப்பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது. அதற்குரிய ஊசிமுனையின் ஆரம் 65 முதல் 76 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மோனோ எல்.பி.க்கு 25 மைக்ரான், ஸ்டீரியோ எல்.பி.க்கு 18 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. எல்.பி. ஊசியை 78 தட்டில் வைத்தால் முனை பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அங்குள்ள அழுக்கை உழுதுகொண்டு போகும்; சுவர்களில் உள்ள இசையைவிட அடியில் உள்ள இரைச்சலே அதிகம் கேட்கும், ஊசியும் சீக்கிரம் தேயும். 78 ஊசியை எல்.பி.யில் வைப்பதோ வயல் வரப்பில் டிராக்டரை ஓட்டுவதைப் போன்றது. ஒரே ஓட்டத்தில் அந்தத் தட்டு பாழாகலாம். கையால் சுற்றிச் சாவி கொடுக்கும் கிராமபோன் வீட்டில் இருந்தால் அதில் வினைல் தட்டை எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. அதன் ஒலிப்பெட்டி தட்டின்மேல் 100 கிராமுக்கும் மேலான எடையைச் சுமத்துகிறது. அதற்கான எஃகு ஊசியையும் ஒரு பக்கம் ஓடியதும் எறிந்துவிட்டு வேறு ஊசி போட வேண்டும்.

பெட்டியில் 78 தட்டுகள் நான்கைந்துதான் என்றால் அவற்றுக்காக அலைய வேண்டாம் என்பது என் கருத்து. நாற்பது ஐம்பது இருந்தால், 78 வேகம் உள்ள டர்ன்டேபிளையே தேட வேண்டும். இன்றைய மலிவான மாடல்கள் பலவற்றில் 33, 45 என்ற இரண்டு வேகங்கள் மட்டுமே உள்ளன. வாங்கி வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம்.

இரண்டாம் படி: கருவியில் இப்போது என்ன இருக்கிறது?

ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். அது எப்படி மாற்றுகிறது என்பதைப் பொறுத்து வகைகள் அமைகின்றன.

எச்.எம்.வி. ஃபியஸ்டா, காலிப்ஸோ போன்ற பழைய பெட்டிப் பிளேயர்களில் இருப்பது கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ். கிரிஸ்டல் வகையில் உள்ளே இருப்பது ரோஷெல் உப்பு எனப்படும் சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட் படிகம். இதை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும். ஆனால் ஈரத்தைக் குடித்தால் இது கரைந்து செத்துப்போகும், கடும் வெயில் சூட்டிலும் கெடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையையும் சித்திரை வெயிலையும் ஓட்டுக்கூரையின் கீழ்ப் பரணில் பல ஆண்டுகள் கழித்த ஒரு கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் இன்று வேலை செய்தால் அது அதிசயம். மோட்டார் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, வால்வோ டிரான்சிஸ்டரோ நன்றாக இருக்கிறது, பாட்டு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெலிந்து கேட்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஊசியை மட்டும் மாற்றிப் பயனில்லை; கார்ட்ரிட்ஜ் முழுவதையும் செராமிக் வகைக்கு மாற்றிவிடலாம். செராமிக் ஈரத்தை நன்றாகத் தாங்கும். இரண்டு வகையும் சில நூறு மில்லிவோல்ட் அளவுக்கு வலுவான வெளியீடு தருபவை என்பதால் பழைய ஆம்ப்ளிஃபையரோடு அப்படியே ஒத்துப்போகும்.

இவற்றில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைத் திருப்பினால் ஒரு பக்கம் 78-க்கான ஊசியும் மறுபக்கம் எல்.பி.க்கான ஊசியும் கீழே வரும். பழைய பிளேயரைக் கையில் எடுத்தவர் தட்டை வைப்பதற்கு முன் எந்தப் பக்கம் கீழே இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். பழைய ஒற்றை ஒலி கார்ட்ரிட்ஜ்கள் பக்கவாட்டில் மட்டுமே இளகி அசையும், மேலும் கீழும் விறைப்பாக நிற்கும். ஸ்டீரியோ தட்டின் பள்ளத்திலோ மேல்கீழ் அசைவும் பதிவாகியிருக்கிறது. ஆகவே அத்தகைய கார்ட்ரிட்ஜில் ஸ்டீரியோ எல்.பி.யை ஓட்டினால் தட்டு தேயும். பொதுவாகவே இந்தப் பெட்டிப் பிளேயர்கள் தட்டின்மேல் ஐந்தாறு கிராம் எடையை வைக்கின்றன. இப்போது புதிதாக விற்கும் சூட்கேஸ் வடிவப் பிளேயர்களின் சிவப்புப் பிளாஸ்டிக் ஊசியும் இதே செராமிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பார்க்க அழகாக இருக்கும். நல்ல நிலையில் உள்ள எல்.பி.யை அதில் நாள்தோறும் ஓட்டுமாறு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தனியான டர்ன்டேபிளில் இன்று பொதுவாக வருவது மூவிங் மேக்னட் வகை. ஊசித்தண்டின் மறுமுனையில் ஒரு நுண்ணிய காந்தம் இருக்கும். அது ஆடும்போது அருகிலுள்ள கம்பிச்சுருள்களில் 3 முதல் 6 மில்லிவோல்ட் வரை மின்னழுத்தம் உண்டாகும். இது மிகச் சிறிய அளவு என்பதாலும், 1954 முதல் பொதுவழக்கான ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க இசைத்தட்டுத் துறைச் சங்கம்) முறைப்படி தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள் என்பதாலும், அதைத் திருப்பிச் சமன்செய்து பெருக்கித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் கட்டாயம் வேண்டும். சில டர்ன்டேபிள்களுக்குள்ளேயே அது இருக்கும். பின்புறம் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் துளையில் மூவிங் மேக்னட்டை நேராகச் செருகினால் பாட்டு மிக மெல்லியதாகவும் தகரத்தைத் தட்டுவது போலவும் கேட்கும். மூவிங் மேக்னட்டில் ஊசிப்பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பது பெரிய வசதி.

மூவிங் காயில் வகையில் காந்தம் நிலையாக இருக்க, சுருள் ஆடும். வெளியீடு பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான், அதற்கேற்ற தனி ப்ரீஆம்ப் வேண்டும். ஊசி தேய்ந்தால் வீட்டில் மாற்ற முடியாது, கார்ட்ரிட்ஜ் முழுவதையும் அனுப்பியோ மாற்றியோ ஆக வேண்டும். ஜப்பானிய ஒலிபரப்புக்காக 1960களில் உருவாக்கப்பட்ட டெனான் டி.எல்.-103 இன்றும் விரும்பப்படும் மூவிங் காயில். இருந்தாலும், புதியவருக்கு அது முதல் கார்ட்ரிட்ஜாக வேண்டாம்.

மூன்றாம் படி: முனையின் வடிவம்

விலை வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த முனையைத் தீட்டும் வேலைக்குப் போகிறது. கூம்பு வடிவம் எனப்படும் உருண்டை முனை எளிமையானது, மலிவானது, பொருத்துவதில் சிறு பிசகு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நீள்வட்ட முனை பள்ளத்தின் குறுக்கே அகலமாகவும் ஓடும் திசையில் மெல்லியதாகவும் இருக்கும். 8-க்கு 18 மைக்ரான் என்பது பொதுவான அளவு. ஆகவே பள்ளத்துச் சுவரின் நுண்ணிய நெளிவுகளை அது உருண்டையைவிட நன்றாகத் தொடரும். ஷிபாடா, மைக்ரோலைன் போன்றவை சுவரை நீண்ட மெல்லிய கோடாகத் தொடுபவை. நுட்பம் அதிகம், விலையும் அதிகம், கோணம் சற்றுத் தவறினாலும் அந்த நுட்பம் வீண்.

இந்த வேறுபாடு எங்கே கேட்கும் என்று தெரிந்துகொண்டால் பணத்தைச் சரியான இடத்தில் செலவிடலாம். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் ஒரு நொடிக்குச் சுமார் 51 செ.மீ. தடம் ஓடுகிறது, லேபிளுக்கு அருகில் அது சுமார் 21 செ.மீ.யாகச் சுருங்கிவிடுகிறது. அதே ஒலி அங்கே பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கிப் பதிவாகியிருப்பதால், உருண்டை முனை அந்த நெருக்கத்துக்குள் புக முடியாமல் தடுமாறும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறுவதும், நாகஸ்வரம் மேல் ஸ்தாயியில் நின்று ஓங்கும்போது ஒலி பிசிறடிப்பதும் இதனால்தான். நாகஸ்வரத்தின் ஒலியில் உயர்ந்த இணையொலிகள் மிக வலுவாக இருப்பதால், ஒரு கார்ட்ரிட்ஜைச் சோதிக்க அதைவிடக் கடுமையான தேர்வாளர் கிடையாது. கடைசித் தடத்தில் தவிலும் நாகஸ்வரமும் சேர்ந்து முழங்கும் ஒரு பல்லவி கலங்காமல் கேட்டால் அந்த ஊசியை நம்பலாம்.

கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய சவுண்ட் சர்வீஸ்காரர்களிடமிருந்து வந்த தட்டுகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எடை கூடிய கார்ட்ரிட்ஜில், தேய்ந்த ஊசியில், நூற்றுக்கணக்கான முறை ஓடியவை அவை. எந்த ஊசியாலும் அந்தத் தேய்மானத்தை அழிக்க முடியாது. வேறு வடிவ முனை சுவரின் தேயாத பகுதியைத் தொட்டு ஓரளவு தெளிவைத் தருவதும் உண்டு. பழைய இரைச்சலை இன்னும் துல்லியமாகக் காட்டிவிடுவதும் உண்டு. பெட்டி முழுவதும் இப்படிப்பட்ட தட்டுகள் என்றால் உருண்டை முனை அல்லது சாதாரண நீள்வட்ட முனையோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மோனோ எல்.பி.களை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் தாராளமாக ஓட்டலாம், தட்டுக்குக் கேடில்லை. ஆம்ப்ளிஃபையரில் மோனோ சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்து, குரல் நடுவில் சுத்தமாக நிற்கும்.

நான்காம் படி: வாங்குதல்

பெட்டியில் 78-உம் எல்.பி.யும் கலந்திருப்பவருக்கு நான் பரிந்துரைப்பது, ஒரே உடலில் பல ஊசிகளை மாற்றிச் செருகக்கூடிய குடும்பம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஆடியோ-டெக்னிகா வி.எம்.95 வரிசையில் உருண்டை, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாடா, 78-க்கான தடித்த முனை எல்லாம் ஒரே உடலில் பொருந்தும். எல்.பி.க்கு நீள்வட்ட ஊசியும் 78-க்குத் தனி ஊசியும் வாங்கி வைத்துக்கொண்டால், தட்டுக்குத் தக்கபடி நொடியில் மாற்றலாம். இரண்டு ஊசிகளுக்கும் உரிய எடை வேறுபடலாம் என்பதால் மாற்றும்போதெல்லாம் உறையில் அச்சிட்ட எடையைப் பார்த்து, டர்ன்டேபிள் கையின் பின்முனையில் உள்ள எதிர்எடையையும் மாற்றியமைக்க வேண்டும். ஆர்டோஃபோன் 2எம் வரிசையில் ரெட் உடலில் ப்ளூ ஊசியைச் செருகலாம். ஆகவே முதலில் ரெட் வாங்கி, அதன் ஊசி தேய்ந்ததும் ப்ளூ ஊசிக்கு உயர்வது நல்ல திட்டம். ரெட்டின் வெளியீடு 5.5 மில்லிவோல்ட், ஊசி எடை 1.8 கிராம்.

முழுத் தானியங்கியான மலிவு டர்ன்டேபிள்களில் கார்ட்ரிட்ஜ் உடலைக் கழற்றவே முடியாது. ஆடியோ-டெக்னிகா எல்.பி.60 அப்படிப்பட்டது, ஊசியை மட்டும் மாற்றலாம், எடையையும் கூட்டிக் குறைக்க வழியில்லை. அதன் ஊசி மலிவானது, எளிதில் கிடைப்பது. அத்தகைய கருவி வைத்திருப்பவர் உயர்ந்த கார்ட்ரிட்ஜ்களைப் பற்றி யோசித்து நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

பழைய கார்ட்ரிட்ஜுக்கு மாற்று ஊசி தேடுபவர்கள் கார்ட்ரிட்ஜ் உடலில் உள்ள எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். டர்ன்டேபிளின் பெயரைச் சொல்லி ஊசி கேட்டால், நடுவில் யாரோ ஒருவர் கார்ட்ரிட்ஜை மாற்றியிருந்த பட்சத்தில் வரும் ஊசி பொருந்தாது. எண் தேய்ந்து போயிருந்தால், பழைய ஊசியைக் கழற்றி, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் செருகும் முனையிலிருந்தும் வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதன் பழைய உடல்களுக்கு ஜப்பானின் ஜிகோ போன்றோர் மாற்று ஊசி செய்கிறார்கள். நீண்ட நாள் கிடங்கில் கிடந்த பழைய ‘ஒரிஜினல்’ ஊசியைவிடப் புதிதாகச் செய்யப்பட்ட மாற்று ஊசியே பல வேளைகளில் மேலானது, ஏனென்றால் ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் பயன்படுத்தாமலே விறைத்துப்போகும்.

முனை வைரமா, நீலக்கல்லா என்பதையும் கேளுங்கள். நீலக்கல் முனை சில பத்து மணி நேரத்திலேயே தேயத் தொடங்கும். வைர முனைக்கு ஆடியோ-டெக்னிகா சொல்லும் கணக்கு, உருண்டைக்குச் சுமார் 500 மணி, நீள்வட்டத்துக்கு 300, ஷிபாடாவுக்கு 800, மைக்ரோலைனுக்கு 1000. ஓர் எல்.பி. இருபக்கமும் சேர்ந்து நாற்பது நிமிடம் என்று வைத்தால் 500 மணி என்பது 750 தட்டுகள். நாளுக்கு ஒரு தட்டு கேட்பவருக்கு இரண்டு ஆண்டு தாண்டும்.

ஐந்தாம் படி: கையோடு ஒத்துப்போகுமா?

கை என்று இங்கே சொல்வது, கார்ட்ரிட்ஜைத் தாங்கித் தட்டின்மேல் நகரும் டர்ன்டேபிளின் தண்டை. கனமான கையில் மிக நெகிழ்வான ஊசியையும், இலேசான கையில் விறைப்பான ஊசியையும் போடக் கூடாது. கையின் பயன்எடை (ஊசி உணரும் கையின் எடை), கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டி, கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு எண்ணால் (ஊசித்தண்டு எவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்கிறது என்பதன் அளவு) பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுத்தால், அந்த இணை தானாக அதிர முனையும் அதிர்வெண்ணான ஒத்ததிர்வு ஹெர்ட்ஸில் கிடைக்கும். கை 10, கார்ட்ரிட்ஜ் 6, திருகு 1, நெகிழ்வு 15 என்றால் விடை ஏறக்குறைய 10 ஹெர்ட்ஸ். 8 முதல் 12 வரை இருந்தால் கவலை இல்லை. ஜப்பானிய நிறுவனங்கள் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் அளந்த எண்ணைத் தருவதால், அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காகக் கொண்டு கணக்கிட வேண்டும்.

கணக்கு சரியாக வந்தாலும் கூடத்தில் ஊஞ்சல் ஆடினால் பயனில்லை. உத்தரத்தில் சங்கிலியிட்ட ஊஞ்சலின் அதிர்வும், மரத்தளமிட்ட மச்சில் நடக்கும் காலடியும் ஊசிக்கு மிகக் குறைந்த அதிர்வெண் ஒலிகளாகவே போய்ச் சேரும். டர்ன்டேபிளைச் சுவரில் அடித்த பலகையின்மேல் வையுங்கள்.

ஆறாம் படி: பொருத்துதல்

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபையரையும் அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். மின்விசிறி வேண்டாம், நூல்போன்ற திருகுகள் தரையில் உருண்டால் சிமிட்டித் தரையிலும் அகப்படாது, ஆகவே கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். ஊசிப்பகுதி கழற்றக்கூடியது என்றால் முதலில் அதைக் கழற்றித் தனியே வைத்துவிட்டே உடலைப் பொருத்த வேண்டும்.

கையின் முன்முனையில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லின் பின்பக்கம் நான்கு மெல்லிய கம்பிகள் வரும். வெள்ளை இடது நேர்முனை, நீலம் இடது எதிர்முனை, சிவப்பு வலது நேர்முனை, பச்சை வலது எதிர்முனை. கார்ட்ரிட்ஜின் பின்புறக் கால்களிலும் இதே நிறங்கள் அல்லது எழுத்துகள் இருக்கும். கம்பி நுனியில் உள்ள சிறிய குழல்மூடியைக் குறடால் கழுத்தில் பிடித்து நேராகத் தள்ளினால் செருகிக்கொள்ளும். கம்பியைப் பிடித்துத் தள்ளினால் பற்றாசு விட்டுப்போகும். குழல் தளர்வாக இருந்தால் உள்ளே ஒரு பல்குச்சியை வைத்து இலேசாக நெருக்குங்கள். இறுக்கமாக இருந்தால் அதே பல்குச்சியால் விரியுங்கள். கார்ட்ரிட்ஜின் கால்களில் நேரடியாகப் பற்றவைக்கவே கூடாது, அந்தச் சூட்டில் உள்ளே உள்ள முடியினும் மெல்லிய சுருள் அறுந்துவிடும்.

பிறகு அரை அங்குல இடைவெளியில் உள்ள இரண்டு திருகுகளையும் உள்ளே விட்டு, கார்ட்ரிட்ஜ் முன்னும் பின்னும் நகரும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். ஊசியை மெதுவாகச் செருகுங்கள். இனி எடை. எதிர்எடையைத் திருகிக் கை தானாக மேலும் கீழும் போகாமல் கிடைமட்டமாக மிதக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பி, அதன்பின் எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகித் தேவையான கிராமுக்கு வர வேண்டும். இந்தச் சமயத்தில் ஆன்டி-ஸ்கேட்டிங் (ஓடும் தட்டு கையை நடுப்பக்கம் இழுப்பதை ஈடுசெய்யும் அமைப்பு) பூஜ்யத்தில் இருக்கட்டும். முடிந்ததும் ஊசி எடைக்கு இணையான எண்ணில் வைத்துவிடலாம்.

இதற்கென்று விற்கும் சிறு டிஜிட்டல் தராசு மலிவானது, வாங்கிவிடுங்கள். நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது, துல்லியம் போதுமானதுதான். ஆனால் அதன் தட்டு இசைத்தட்டின் மட்டத்தைவிட மிக உயரமாக இருப்பதால் கை நிமிர்ந்து எடை மாறிக் காட்டும். தட்டு இரும்பு கலந்ததாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துத் தவறான எண்ணையும் காட்டும். அனுமதித்த வரம்பின் அடிமட்டத்தில் எடையை வைத்தால் தட்டு பிழைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு: எடை போதாத ஊசி பள்ளத்தில் ஊன்றாமல் சுவருக்குச் சுவர் மோதிச் சிதைக்கிறது. நடுமட்டமோ அதற்குச் சற்று மேலோ வையுங்கள்.

கடைசியாகக் கோணம். தட்டின் நடுவிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தொலைவுகளில் இரண்டு புள்ளிகளும் கட்டங்களும் வரைந்த அளவுத்தாளை அச்சிட்டுக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடைக்காரர் தாளுக்குள் அடங்கட்டும் என்று உருவைச் சுருக்கிவிடுவார். அச்சிட்ட உடனே அடிக்கோலால் அளந்து பார்க்க வேண்டும். ஊசிமுனையைப் புள்ளியில் இறக்கி, கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கட்டத்தின் கோடுகளுக்கு இணையாக இருக்கிறதா என்று மேலிருந்து பார்த்து, நகர்த்தி, இரண்டாம் புள்ளியிலும் அதேபோலச் சரிபார்க்க வேண்டும். இரண்டிலும் ஒத்துவரும்வரை முன்னும் பின்னும் நகர்த்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒத்துவந்ததும் திருகுகளை மாறி மாறி, கால் சுற்று வீதம் முடுக்கி, எடையை மறுபடி ஒருமுறை பாருங்கள். பாட்டு இல்லாதபோதும் உறுமல் கேட்டால் தரைக்கம்பி ஆம்ப்ளிஃபையரின் தரைத்திருகில் மாட்டப்படவில்லை என்று பொருள்.

ஈரமான ஊரில் ஊசியைக் காப்பது

அடைமழைக் காலத்தில் தட்டுகளில் வெண்பூசணம் பூத்துவிடும். அந்த நிலையில் ஓட்டினால் ஒரே பக்கத்தில் ஊசியைச் சுற்றிப் பஞ்சுபோல அழுக்குத் திரண்டு, ஒலி மங்கி, ஊசி தட்டைவிட்டு எழும்பியே விடும். வினைல் தட்டுகளைக் காய்ச்சி வடித்த நீரில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்து, மென்மையான துணியால் வரியின் வட்டத்தையொட்டித் துடைக்கலாம். போர்வெல் தண்ணீர் ஆகாது. அதன் உப்பு காய்ந்து பள்ளத்திலேயே தங்கும். 78 தட்டில் ஆல்கஹால் ஒரு துளியும் படக் கூடாது, அரக்கு அதில் கரையும். அவற்றுக்கு வெறும் நீரும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் போதும். லேபிள் நனையாமல் பார்த்து, உடனே துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

ஊசியைத் தூரிகையால் பின்னாலிருந்து முன்னோக்கி மட்டுமே தடவ வேண்டும். முன்னிருந்து பின்னுக்கோ பக்கவாட்டிலோ தள்ளினால் ஊசித்தண்டு வளைந்துவிடும். விரல் நுனியால் ஊசியைத் தட்டி ஒலி வருகிறதா என்று பார்ப்பது பழைய சவுண்ட் சர்வீஸ் கைப்பழக்கம். ஐந்து கிராம் செராமிக்குக்கு அது தாங்கும், 1.8 கிராம் நீள்வட்டத்துக்குத் தாங்காது.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்க, நன்கு கழுவிய, நீங்கள் மனப்பாடமாக அறிந்த ஒரு தட்டைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அதன் கடைசிப் பாட்டில் முன்பில்லாத சீறல் தோன்றினால், ஊசியைச் சுத்தம் செய்து, எடையைச் சரிபார்த்து, மீண்டும் கேளுங்கள். அப்போதும் சீறல் இருந்தால் நகைத்தொழிலாளர் பயன்படுத்தும் உருப்பெருக்கி வழியாக முனையைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தட்டையான பளபளப்புகள் தெரிந்தால் அந்த ஊசியை அன்றே கழற்றிவிடுங்கள். முனையே காணாமல் வெறும் தண்டு மட்டும் தெரிவதும் உண்டு. புதிய ஊசி போட்ட தேதியை டர்ன்டேபிள் மூடியின் உட்புறத்தில் ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டி, தட்டு ஓடும்போதெல்லாம் ஒரு கோடு போட்டு வந்தால், அடுத்த ஊசிக்கு எப்போது சொல்லிவைக்க வேண்டும் என்பது கணக்காகவே தெரிந்துவிடும். வெளியூரிலிருந்து தபாலில் வர வேண்டிய பொருள் என்பதால் பழையது முழுவதும் தேய்வதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.